பீப்பாய்க்குள் ஒருத்தி

கதவைச் சாத்தியதும் சத்தம் நின்றுபோனது. எப்சிபாவுக்கு முதலில் அப்படித்தான் பட்டது; கொஞ்சம் கழித்துத்தான், நின்றது கதவுக்கு வெளியே இருந்த சத்தம் இல்லை, ஆராய்ச்சிக் கப்பலின் எஞ்சின் என்று விளங்கியது. வலையை இறக்கி ஏற்றியாகிவிட்டது, இனி கூட வந்த ஆய்வாளன் குணசீலன் சோதனைக்குத் தண்ணீர் பிடிக்கும் வேலையைத் தொடங்கும்வரை கப்பலை இப்படியே மிதக்க விட்டுவிடுவார்கள். வெளியே நல்ல மத்தியான வெயில், வங்காள விரிகுடாவின் தெற்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கரையில்லாத இடம், இரும்புத் தளத்தில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. உள்ளே இந்தக் குளிரறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மூச்சு புகையாய்ப் போக, ஒரு பீக்கருக்கு முன்னால் அவள். பீக்கரில் ஒன்றுமில்லை என்றுதான் புதிதாக வருகிற யாரும் சொல்வார்கள். தண்ணீர், அவ்வளவுதான் என்பார்கள். அவளும் கண்ணைச் சுருக்கி, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, முதலில் அந்தச் சிவப்புப் புள்ளிகளைத்தான் கண்டுபிடித்தாள். கண்கள். உடம்பு முழுக்கக் கண்ணாடியாக இருக்கிற பிராணிக்குக் கண்ணின் உள்ளே உள்ள அந்தத் துளியை மட்டும் கண்ணாடியாக்க முடியவில்லை. இரண்டு மேலே பார்க்கின்றன, இரண்டு பக்கவாட்டில். ஃப்ரோனிமா. இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு, ஒரு சுண்டுவிரல் நீளம்கூட வராது, ஆனால் இடுக்கிக் கை இருக்கிறது, வாய் இருக்கிறது, இந்த உலகத்தில் எது எங்கே கிடைக்கும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில், சற்று கீழே, இரண்டு முனையும் திறந்த ஒரு பீப்பாய் மிதந்தது, அதுவும் கண்ணாடி. பீப்பாயின் உள்சுவரில் ரவையை அள்ளித் தெளித்த மாதிரி குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன, உயிரோடு, எல்லாம் அசைந்தபடி.

வலையில் வந்தபோதே கலைந்துதான் வந்தது. பீப்பாய் ஒன்று, உள்ளே குஞ்சுகள், தாய் இல்லை. வெளியே பெண் ஃப்ரோனிமாக்கள் இரண்டு, ஒன்று செத்து முதுகு வளைந்து கிடந்தது, ஒன்று உயிரோடு. செத்ததை அவள் ஒரு சின்ன கண்ணாடித் தட்டில் எடுத்து வைத்தாள், மற்றதைப் பீப்பாயோடு சேர்த்துக் குளிர்ந்த தண்ணீரில் விட்டாள். குணசீலன் எட்டிப் பார்த்தான். அவனுக்குக் கடல் தண்ணீரின் உப்பும் ஆக்ஸிஜனும்தான் வேலை, உயிருள்ளதைப் பார்த்தால் அவனுக்குக் கொஞ்சம் கூச்சம். "ரெண்டுல எது அம்மான்னு எப்படிச் சொல்லுவீங்க எப்சி?" என்றான். "சொல்ல முடியாது." "அப்ப எல்லாத்தையும் ஃபார்மலின்ல போட்டு லேபிள் ஒட்டிரலாமே, சீஃப் சயின்டிஸ்ட் கேட்டுக்கிட்டே இருக்காரு." "கொஞ்ச நேரம் குடுங்க குணா. அது உள்ள போகுதான்னு பாக்கணும்." "போனா?" "போனா ஒண்ணு குஞ்சுங்களைச் சேர்த்து வச்சுக்கும். இல்லன்னா தின்னும்." அவன் சிரித்தான், சிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, "நீங்களே பாருங்க, எனக்கு இதெல்லாம் ஆகாது" என்று கதவைச் சாத்தப் போனான். அவள்தான் எழுந்துபோய் உள்ளிருந்து சாத்தினாள். இல்லை, அவன் சாத்தினானா? ஏன் இப்போது அது முக்கியம்? யாரோ தனக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று தோன்றினால் கதவைச் சாத்தியது யார் என்று யோசிப்பதுதானே வழக்கம். பின்னால் யாருமில்லை. மாதிரிப் புட்டிகள் அடுக்கிய அலமாரி, அதன் மேலே ஒரு கூலிங் மெஷின், அதன் உறுமல். அவ்வளவுதான்.

ஆழத்தில் பகலெல்லாம் இருட்டில் கிடக்கிற பிராணி இது, ராத்திரியானால் மேலே ஏறி வரும், ஏறி வரும்போது ஒரு சால்ப்பைக் கண்டுபிடிக்கும். சால்ப் என்பது கடலில் மிதக்கும் ஒரு வழவழத்த உயிர், அதற்கும் உடம்பு கண்ணாடி, தண்ணீரை ஒருபக்கம் வாங்கி மறுபக்கம் விட்டுக்கொண்டு யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்க்கொண்டிருக்கும். ஃப்ரோனிமா அதற்குள் புகுந்து, உள்ளே இருப்பதையெல்லாம் தின்று, சுவரை மட்டும் விட்டுவைத்து, நகத்தால் வழித்து வழித்து ஒரு பீப்பாயாக்கிக்கொள்ளும். பிறகு அதுதான் வீடு. அதற்குள் நின்றுகொண்டே நீந்தும், வீட்டையும் கூடத் தள்ளிக்கொண்டு போகும், அங்கேயே குஞ்சு பொரித்து அங்கேயே வளர்க்கும். படிக்கிற காலத்தில் இதெல்லாம் அவளுக்கு வெறும் ஆச்சரியம்தான். ஒரு வரி மட்டும் தங்கிவிட்டது: உள்ளே இருந்ததெல்லாம் போன பிறகும் அந்தச் சுவரின் செல்கள் சாவதில்லை. வீடு உயிரோடுதான் இருக்கிறது. யாருடைய உயிர் அது என்று அப்போது ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் கேட்டு, அவள் போய்ப் படுடி என்றதும் ஞாபகம் இருக்கிறது. இப்போது கேஸ் சிலிண்டர் புக் பண்ணப் போன் போட்டால் ஒரு மெஷின் குரல் சொல்கிறது, "பியூலா கிங்ஸ்லி என்ற பெயரில் பதிவு செய்ய ஒன்றை அழுத்தவும்." ஒவ்வொரு தடவையும் அவள் ஒன்றை அழுத்துகிறாள். பெயர் மாற்ற ஏஜென்சிக்குப் போகலாம், ஒரு காலை வேளை போதும், ஆதார் அட்டையும் கல்யாணச் சர்டிபிகேட்டும் கொண்டுபோனால் முடிந்துவிடும். போகவில்லை. அக்கா பியூலா செத்து நாலு வருஷமாகியும் அந்த வீட்டுக்கு மாசாமாசம் பியூலா சமையலுக்கு கேஸ் வாங்குகிறாள்.

ரெண்டு பேருக்கும் அப்பா பைபிளின் ஒரே வசனத்திலிருந்துதான் பெயர் எடுத்தார். மூத்தவள் பியூலா, இளையவள் எப்சிபா. சர்ச்சில் யார் பார்த்தாலும் ரெட்டைப் பிள்ளைகளா என்று கேட்பார்கள், நாலு வருஷ வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. குரல் இன்னும் மோசம். பக்கத்து அறையில் நின்று யார் கூப்பிட்டாலும் அம்மா தப்பாகவே பதில் சொல்வாள். டெங்கு என்று ஆஸ்பத்திரிக்குப் போன அக்கா ஒரு வாரத்தில் பெட்டியில் வந்தாள், ஒன்றரை வயசுப் பிள்ளை ஜெமிமா எல்லார் மடியிலும் மாறி மாறி அழுதது, நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த சாயங்காலம் அம்மா அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "ஏட்டி எப்சி, பிள்ளைக்கு வெளியாளு வந்து சோறு போட வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. யாரும் வற்புறுத்தவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அவளுக்கும் அப்போது மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை, பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கியது, தூங்கும்போது அதன் மூச்சு கழுத்தில் படும், அது ஒன்று போதும் என்று அன்றைக்குத் தோன்றியது, இன்றைக்கும் தோன்றுகிறது. கிங்ஸ்லி அத்தானை அவள் முன்பும் அத்தான் என்றுதான் கூப்பிட்டாள், கல்யாணத்துக்குப் பிறகும் அத்தான்தான். ஜெமி அவளை முன்பும் சித்தி என்றது, பிறகும் சித்தி. ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. இந்த மொழி இப்படி ஒன்று நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்து இடம் ஒதுக்கி வைத்திருந்த மாதிரி. தூத்துக்குடி வீட்டில் முதல் நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது இருட்டில் அவள் கை நேராக ஸ்விட்ச்சில் போய் விழுந்தது. கை எப்படிக் கண்டுபிடித்தது? விருந்தாளியாக வந்து போன பழக்கமாக இருக்கும். இருக்கலாம். அக்காவின் ஜாக்கெட்டுகள் ஒரு தையல்கூடப் பிரிக்காமல் சரியாக இருந்தன. உப்பு டப்பாவில் அக்கா கையெழுத்து, மல்லித்தூள் டப்பாவில் அக்கா கையெழுத்து. போன மாதம் ஒரு நாள் பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்து, அக்கா செத்த வயசைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டாள். இனி அவள்தான் மூத்தவள்.

பீக்கரில் அது திரும்பியது. இதுவரை மேற்பரப்புக்கும் அடிக்குமாக அலைந்துகொண்டிருந்தது இப்போது பீப்பாயின் வாயருகே வந்து நின்று, முன்கால்களால் விளிம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. விட்டது. மறுபடி தொட்டது. அதுவா, அவளா? பெண்தான், சந்தேகமில்லை. ஆனால் தாயா? வலைக்குள் ஒன்றோடொன்று மோதி வெளியே விழுந்தவை, இதன் பீப்பாய் வேறு எங்கேயாவது கிழிந்து போயிருக்கலாம், இந்தக் குஞ்சுகள் அந்தத் தட்டில் கிடப்பதன் குஞ்சுகளாக இருக்கலாம். உவமை தேடாதே, எப்சி. தன்னைத்தானே அதட்டினாள். பிராணி பிராணிதான், அதற்கு அக்கா கிடையாது. ஆனாலும் மனசு போய் முட்டிக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. கப்பலேறுவதற்கு முந்தின நாள். மூன்று நாளாக அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது, கிட்டப்போய்ப் பார்க்காமல் திரும்பிவிடுகிறது, இப்போது வேறு வழியில்லை. அன்றைக்கு ஜெமியோடு படிக்கிற பக்கத்துத் தெருப் பிள்ளை ஒன்று வீட்டுக்கு வந்திருந்தது. எப்சிபா அடுக்களையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். ஹாலில் அக்காவின் படம், சுற்றிப் பிளாஸ்டிக் மாலை, மேலே ஒரு சின்ன சிவப்பு பல்பு. ஜெமி அதைக் காட்டிச் சொன்னது: "இது எங்க சித்தி. நாளைக்குக் கப்பல்ல போறா." அந்தப் பிள்ளை கேட்டது, "ஏன் மாலை போட்டிருக்கு?" ஜெமிக்கு யோசிக்கவே நேரம் வேண்டியிருக்கவில்லை. "கப்பல்ல போறவங்களுக்குப் போடுவாங்க."

தோசை கருகியது. அந்த வாசனை இப்போதும், இந்த ஃபார்மலின் வாடைக்கு நடுவிலும், மூக்கில் வருகிறது. அவள் தோசைக்கரண்டியைப் பிடித்துக்கொண்டு ஹால் வாசலில் நின்றாள். கிங்ஸ்லி அத்தான் சோபாவில் இருந்தார், அவர் காதிலும் விழுந்தது, அவர் எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அவ்வளவுதான் நடந்தது. பிள்ளைக்குச் சொல்லாமல் யாரும் ஒளித்து வைக்கவில்லை, ஆனால் உட்காரவைத்துச் சொன்னதும் இல்லை. எப்போதாவது தானாகத் தெரிந்துவிடும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். பிள்ளைக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரிந்ததுதான். அந்த முகம் சித்தியின் முகம். அப்போதே போய் மண்டியிட்டு, இல்லை ஜெமி, இது நானில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஏன் வரவில்லை? பயம்தான். சொன்னால் பிள்ளை திரும்பி என்ன கேட்குமோ என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று, அதற்கு உருவம் கிடையாது: படத்தைப் பார்த்தபோது, மாலைக்குள் இருப்பது தன் முகம்தான் என்று ஒரு கணம் அவளுக்கும் தோன்றியது. இந்த ஜாக்கெட்டில்தான் படம் எடுத்தார்கள், இந்த ஜாக்கெட்டை அவள் போன கிறிஸ்துமஸுக்குப் போட்டாள். அப்படியானால் யார் போனது, யார் வந்தது? உள்ளே இருந்ததைத் தின்றது யார்? அக்காவின் வீட்டுக்குள் இவள் புகுந்தாளா, இவளுக்குள் அக்கா புகுந்து, வழித்து வழித்து, சுவரை மட்டும் விட்டுவைத்து, உள்ளே நின்று தள்ளிக்கொண்டு போகிறாளா? இந்தத் தண்ணீருக்குக் கீழே மூன்று கிலோமீட்டர் ஆழம். கப்பல் ஓடவில்லை. மாலையும் போட்டாகிவிட்டது. குளிரில் விரல் மரத்திருந்தது, விரலை வாயில் வைத்து ஊதிக்கொண்டாள், உதடு உணர்ந்தது, விரல் உணரவில்லை.

அது உள்ளே போய்விட்டது. எந்தக் கணத்தில் என்று அவளால் சொல்ல முடியவில்லை, கண்ணை எடுக்கவே இல்லை என்றுதான் நினைத்திருந்தாள். பீப்பாய்க்குள் தலை ஒருபக்கம், வால் ஒருபக்கம் வெளியே, நீச்சல் கால்கள் தண்ணீரைப் பின்னால் தள்ள, வீடு மெதுவாக நகரத் தொடங்கியது. குஞ்சுகள் கலைந்தன. அது உடம்பைச் சுருட்டித் திரும்பி, முன்கால்களைக் குஞ்சுகளுக்கு நடுவே நீட்டியது. வழித்தது. ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வழித்தது, பாத்திரத்தின் அடியில் ஒட்டியதை விரலால் வழிக்கிற மாதிரி. சேர்க்கிறதா? சேர்த்து வாய்க்குக் கொண்டுபோகிறதா? லென்ஸைத் திருகினாள், மூச்சுப்பட்டு லென்ஸ் மங்கியது, துடைத்தாள், மறுபடி மங்கியது. வாயருகே ஏதோ இருந்தது. மேலே பார்க்கிற இரண்டு சிவப்புத் துளிகள் நேராக அவளைப் பார்த்தன. பார்க்கவில்லை, அவற்றுக்கு மேலே உள்ள நிழல்தான் தெரியும், அவள் ஒரு நிழல். கதவு திறந்தது. அவள் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள்.

"எப்சி, போன்," என்றான் குணசீலன். "வீட்லருந்து. லைன் நல்லாருக்காம், சீக்கிரம் வாங்க."

போன் அறை, கப்பலை ஓட்டும் வீல்ஹவுஸுக்குப் பின்னால் இருந்தது. வெயிலில் நடந்து ஏறும்போது கண் கூசி ஒன்றும் தெரியவில்லை. ரிசீவர் சூடாக இருந்தது. செயற்கைக்கோள் வழியாகப் போகிற பேச்சு, ஒவ்வொரு சொல்லும் மேலே போய்த் திரும்பி வரும், சில நாள் தன் குரலே காதுக்குள் மறுபடி கேட்கும் என்று சொல்லியிருந்தார்கள். "ஜெமி?" என்றாள். கொஞ்சம் கழித்து, தூரத்திலிருந்து, ஒரு பெண் குரல் "ஜெமி?" என்றது. எப்சிபாவுக்கு ரோமம் நின்றது. அது அக்கா கூப்பிடுகிற மாதிரியேதான் இருந்தது, கடைசியில் லேசாக மேலே போகும் அந்த இழுப்பு உட்பட.

"சித்தி! நீ எப்ப வருவ?"

"வந்துருவேன்டா. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டியா," என்றது காதுக்குள்.

"அப்பா முட்டை பொரிச்சாங்க. கருகிட்டு. சித்தி, உன் படத்துல பல்பு எரியல. ப்யூஸ் போயிட்டு."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட இப்படி ஒரு கதவு இத்தனை நாளும் திறந்தே கிடந்தது, யாரும் நுழையாமல். "ஜெமி, நான் ஒண்ணு சொல்றேன், கேப்பியா? அந்தப் படத்துல இருக்கறது சித்தி இல்ல."

"சித்தி இல்ல," என்றது அந்தக் குரல்.

"பின்ன யாரு?"

"உன் அம்மா. உன்னைப் பெத்த அம்மா. பேரு பியூலா. எனக்கு அக்கா."

மறுமுனையிலிருந்து, சாதாரணமாக, ரப்பர் எங்கே என்று கேட்கிற மாதிரி: "அம்மா எந்தக் கப்பல்ல இருக்கா?"

இதற்குத்தான் இத்தனை நாள் பயந்தாளா? இதற்கேதான். வந்துவிட்டது, நிற்கிறது, சின்னதாகத்தான் இருக்கிறது. "கப்பல்ல இல்லடா. அம்மா செத்துப்போயிட்டா. நீ கைப்பிள்ளையா இருக்கயிலேயே, காய்ச்சல் வந்து. செத்துப்போனவங்க படத்துக்குத்தான் மாலை போடுவாங்க. கப்பல்ல போறவங்களுக்கு இல்ல."

"அப்ப நீ?"

"நான் உயிரோட இருக்கேன்."

சொல்லிவிட்டு நின்றாள். இனி என்ன வரும் என்று தெரிந்தது, ரிசீவரைக் காதிலிருந்து எடுக்க நேரம் இருந்தது, எடுக்கவில்லை. வானத்தின் உயரத்திலிருந்து இறங்கி வந்து அந்தக் குரல், அக்காவின் குரல், அவசரமில்லாமல், முழுசாகச் சொன்னது: "நான் உயிரோட இருக்கேன்." அவள் அதை முழுசாகக் கேட்டாள். பின்கழுத்தில் வெயில் உறைத்தது.

"சரி," என்றது ஜெமி. போன் கீழே வைக்கப்படும் சத்தம், ஓடும் சத்தம். பிறகு கிங்ஸ்லி. "எப்சி. என்ன சொன்ன பிள்ளைட்ட?"

"சொல்ல வேண்டியதை. நீங்க சொல்லல, நானும் சொல்லல. எத்தனை நாளைக்கு அத்தான்?"

அவர் குரலைத் தாழ்த்தி, "நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நிக்கா" என்றார். "படத்துக்கு முன்னால."

"அழுறாளா?"

"இல்ல. கிட்டத்துல வச்சுப் பாக்கா. மூக்கைத் தொடுதா." பிறகு, "பிடிச்சுக்கிடட்டுமா?"

"பக்கத்துல நில்லுங்க. இறக்காதீங்க. பாக்கட்டும்." லைன் அறுந்தது. அறுந்ததும் அவளுடைய கடைசிச் சொல் மட்டும் திரும்பி வராமல் போய்விட்டது, எங்கே போனது என்று தெரியவில்லை.

குளிரறையில் குணசீலன் மார்க்கர் பேனாவோடும் வெற்று லேபிள்களோடும் நின்றான், பீக்கரைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டு. "உள்ளதான் இருக்கு," என்றான். "ஏதோ பண்ணிக்கிட்டே இருக்கு. நான் பாக்கல." அவள் குனிந்தாள். குஞ்சுகள் பீப்பாயின் நடுவில் ஒரு வளையமாகச் சேர்ந்திருந்தன, நெருக்கமாக, அசைந்துகொண்டு. பெண் ஒரு முனையில் நின்று வீட்டைத் தள்ளியது, பீக்கரின் சுவரில் முட்டி, திரும்பி, மறுபடி தள்ளியது. அதன் வாய் மட்டும் எதையோ மென்றுகொண்டிருந்தது. சுவரில் மிச்சமிருந்த சதையாக இருக்கலாம். வேறாகவும் இருக்கலாம்.

"எண்ணிப் பாத்துருவமா?" என்றான் அவன். "குறைஞ்சிருக்கான்னு தெரிஞ்சுரும்ல."

"முன்னால நான் எண்ணல குணா."

"அப்ப அம்மான்னு எழுதட்டுமா?"

"பெண்ணுன்னு எழுதுங்க. குஞ்சுங்களோட, உயிரோட. இன்னைக்கு ஃபார்மலின் வேண்டாம், சீஃப்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"செத்தது?"

அவள் அந்தச் சின்னத் தட்டைக் கையில் எடுத்தாள். வளைந்த முதுகு, கலங்கிப் பால் நிறமாகிவிட்ட உடம்பு; செத்த பிறகுதான் இது கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. ஒரு புட்டியில் தனியாக ஃபார்மலினை ஊற்றி, தட்டைச் சாய்த்து, அது தானாக வழுக்கி உள்ளே இறங்கும்வரை காத்திருந்தாள். பிறகு குணசீலனிடமிருந்து பேனாவை வாங்கி, அந்த லேபிளில் இடத்தையும் ஆழத்தையும் தானே எழுதினாள்.